அரையாண்டுத் தேர்வு முடிந்த நிலையில் பிளஸ் டூ வகுப்பின் முன்னேற்றத்தை அறிக்கையில் எப்படி எழுதுவது?

வினா: வகுப்பாசிரியை, பன்னிரண்டாம் வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலை இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முதல் பிரிவுக்கு வகுப்பாசிரியைப் பொறுப்பும் என்னிடம் உள்ளது. வகுப்பில் 41 பேர். அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்தி, மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றியாயிற்று. ஜனவரி இரண்டாம் வாரத்தில் பெற்றோர் கூட்டம் நடைபெறவிருக்கிறது. அதற்கு முன்பாக இந்தப் பருவத்தின் முன்னேற்றத்தையும் சாதனைகளையும் அறிக்கையாக எழுதித் தர வேண்டும்.

எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள படிவத்தில் தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், தேர்ச்சி விழுக்காடு, முதல் மூன்று இடங்கள் என நான்கே கட்டங்கள் உள்ளன. அவற்றை நிரப்பிப் பார்த்தால் என் வகுப்பு பின்னோக்கிப் போயிருப்பதாகத்தான் தெரிகிறது. காலாண்டில் இயற்பியலில் 34 பேர் தேர்ச்சி பெற்றார்கள். அரையாண்டில் 29 பேர்தான். ஆனால் காலாண்டுக்கு முதல் தொகுதியிலிருந்து மட்டுமே வினாக்கள் வந்தன. அரையாண்டுக்கோ இரண்டு தொகுதிகளிலும் உள்ள 11 அலகுகளும் உண்டு. நிலைமின்னியலை மட்டும் திரும்பத் திரும்பப் படித்து எழுதிய தேர்வையும், அதனோடு ஒளியியல், அணுக்கரு இயற்பியல், குறைகடத்திகள் வரை படித்து எழுதிய தேர்வையும் ஒரே அளவுகோலால் அளந்து, பிள்ளைகள் சரிந்துவிட்டார்கள் என்று பெற்றோரிடம் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நான் கவனித்த ஒன்றைக் குறிப்பிடுகிறேன். இயற்பியல் வினாத்தாளில் 24, 33 ஆகிய இரண்டும் கட்டாய வினாக்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் கணக்குகளாகவே வரும். காலாண்டில் என் வகுப்பில் 27 பேர் 24-ஆம் வினாவை எழுதவே இல்லை. சிலர் வினா எண்ணை மட்டும் எழுதி, கீழே நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். அரையாண்டில் அப்படி விட்டவர்கள் 9 பேர். அந்த 27 பேரில் ஒரு மாணவன், 100 வோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளத்தைக் கேட்ட வினாவுக்கு, 12.27-ஐ மின்னழுத்தத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் என்று சரியாக எழுதி, 100-இன் வர்க்கமூலம் 10 என்பதையும் சரியாகக் கண்டு, கடைசியில் புள்ளியை இடம் மாற்றி 122.7 என்று முடித்திருந்தான். பக்கத்தில் ஆங்ஸ்ட்ராம் அலகை மறக்காமல் எழுதியிருந்தான். இரண்டு மதிப்பெண்ணில் ஒன்றுதான் தர முடிந்தது. அவனுடைய மொத்த மதிப்பெண் காலாண்டைவிட 3 குறைவு. படிவத்தின்படி அவன் பின்தங்கியவன். அவன் இந்தப் பருவத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பது அந்த விடைத்தாளைத் திருத்திய எனக்குத் தெரியும்.

என் ஐயங்கள் இவை: இத்தகைய முன்னேற்றத்தை, பெற்றோருக்குப் புரியும்படியும் தலைமையாசிரியர் ஏற்கும்படியும் அறிக்கையில் எப்படிக் கொண்டுவருவது? சாதனைகள் என்ற தலைப்பில் முதல் மூன்று இடங்களைத் தவிர வேறு எவற்றைச் சேர்க்கலாம்? பொதுத்தேர்வுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களே இருக்கும் நிலையில், பின்தங்கியிருப்பவர்களின் பெற்றோரிடம் உண்மையை மறைக்காமலும் அவர்கள் நம்பிக்கையைக் குலைக்காமலும் பேசுவது எப்படி? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: வேதியியல் ஆசிரியர், 22 ஆண்டுப் பணி

வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லும் சிக்கல் ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் ஆசிரியர் அறையில் எழுவதுதான். நான் கடைப்பிடித்துவரும் ஒரு முறையைச் சொல்கிறேன். கொஞ்சம் உழைப்பு வேண்டும், ஆனால் பயன் உண்டு.

அரையாண்டு விடைத்தாளில் ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணையும் காலாண்டில் கேட்கப்பட்ட பகுதி, அதற்குப் பிறகு நடத்திய பகுதி என இரண்டாகப் பிரியுங்கள். வேதியியலில் மொத்தம் 15 அலகுகள். முதல் தொகுதியில் 7, இரண்டாம் தொகுதியில் 8. முதல் தொகுதியிலிருந்து வந்த வினாக்களில் ஒரு மாணவி எவ்வளவு பெற்றாள் என்பதைக் காலாண்டோடு ஒப்பிட்டால் மட்டுமே அது நியாயமான ஒப்பீடு. அப்படிப் பிரித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் இரண்டு வகையான பிள்ளைகள் தெரியவருவார்கள். சிலர் பழைய பகுதியில் உயர்ந்து, புதிய பகுதியில் தடுமாறியிருப்பார்கள். அவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, திருப்புதல் தேர்வுகளிலேயே சரியாகிவிடுவார்கள். வேறு சிலர் புதிய பகுதியை நன்றாக எழுதியிருப்பார்கள், ஆனால் ஜூலையில் படித்த உலோகவியலும் திண்மநிலையும் முற்றிலும் மறந்துபோயிருக்கும். இவர்களின் மொத்த மதிப்பெண் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். மார்ச்சில் அடி வாங்குபவர்கள் இவர்கள்தான். படிவத்தில் உள்ள நான்கு கட்டங்களும் இவர்களைக் காட்டிக்கொடுக்காது.

ஆனால் ஒன்றில் உங்களோடு நான் மாறுபடுகிறேன். தேர்ச்சி எண்ணிக்கையை ஓரங்கட்ட நினைக்காதீர்கள். 34 பேர் 29 ஆனதற்குப் பாடப்பகுதி கூடியது காரணமாக இருக்கலாம். தேர்ச்சி பெறாத 12 பேரும் மார்ச்சில் இதே 11 அலகுகளைத்தான் எழுதப் போகிறார்கள் என்பதும் உண்மை. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30 வந்துவிட்டால் இன்னும் 5 மதிப்பெண் போதும் என்று பல பிள்ளைகளும் பெற்றோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் 70-க்குக் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும் என்பதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 13, 14 என்று நிற்பவர்கள் யார் யார் என்ற பட்டியல் உங்கள் கையில் தனியாக இருக்கட்டும். அதைப் பொதுவில் படிக்க வேண்டாம்.

அந்த மாணவர்களுக்கு என்ன செய்யலாம் என்றால், இயற்பியலில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15; வேதியியலிலும் அதே எண்ணிக்கைதான். பாட இறுதி வினாக்களைத் தினமும் காலை வழிபாட்டுக்கு முன் பத்து நிமிடம் எழுத வைத்தால், அவற்றில் பாதியையாவது அவர்கள் தாமே பெற்றுவிடுவார்கள். மீதிக்கு ஒவ்வொரு அலகிலும் இரண்டு வரையறைகள், ஒரு படம் என்று குறைத்துக் கொடுங்கள். மெல்லக் கற்போருக்கு முழுக் கையேட்டையும் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அவர்கள் அதைத் திறப்பதே இல்லை என்பது என் அனுபவம்.

மறுமொழி 2: பெற்றோர், விசைத்தறித் தொழிலாளி

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். என் மகன் சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தான். பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அரையாண்டு முடிந்து கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனேன். ஒவ்வொரு மாணவன் பெயராகப் படித்து, எத்தனை பாடத்தில் தவறியிருக்கிறான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்கள். என் மகன் பெயர் வந்தபோது மூன்று பாடம் என்றார்கள். நான் எழுந்து நின்றேன்; உட்காரச் சொன்னார்கள்; அவ்வளவுதான். எந்த மூன்று பாடம், எவ்வளவு குறைகிறது, அதற்கு வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது என்ன என்று யாரும் சொல்லவில்லை, கேட்கும் துணிவும் எனக்கு அப்போது வரவில்லை. வீட்டுக்கு வந்து மகனை அடித்துவிட்டேன். இதை எழுதும்போதும் அது நெஞ்சை அறுக்கிறது.

உண்மை என்னவென்றால், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள் தறியில் ஆள் பற்றாக்குறை. இரவு வேலைக்கு அவனையும் அழைத்துப் போனேன். விடிய விடியத் தறிச் சத்தத்தில் நின்றவன் காலை வகுப்பில் எப்படி விழித்திருப்பான்? பல நாள் பள்ளிக்கே போகவில்லை. மூன்று பாடம் என்ற கணக்குக்குப் பின்னால் இருந்த காரணம் நான்தான். அவனுடைய வருகைப் பதிவை யாராவது என்னிடம் காட்டி, இத்தனை நாள் வரவில்லை, எங்கே போனான் என்று தனியாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். பொங்கல் கழிந்து அவனுடைய தமிழாசிரியர் ஒருவர் தறிக்கொட்டகைக்கே நேரில் வந்து பேசிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு அவனை நான் தறிப் பக்கம் விடவில்லை. மார்ச்சில் எல்லாப் பாடத்திலும் தேறினான்.

ஆகவே அம்மா, நீங்கள் எழுதும் அறிக்கையில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். பிள்ளை எத்தனை நாள் வந்தான், எந்தப் பாடத்தில் எதை எழுதத் தெரியவில்லை, இந்த இரண்டு மாதத்தில் வீட்டில் என்ன செய்ய வேண்டும், இவற்றை மட்டும் எழுதினால் போதும். விழுக்காடு எங்களுக்குப் புரிவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் தூங்க விடுங்கள், காலையில் ஒரு மணி நேரம் தொந்தரவு செய்யாமல் இருங்கள் என்று சொன்னால் அது புரியும். அதைச் செய்யவும் எங்களால் முடியும்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

மேலே அந்தத் தந்தையார் எழுதியதைப் படித்த பின் நான் சொல்ல நினைத்ததில் பாதி தேவையற்றதாகிவிட்டது. தலைமையாசிரியர் இருக்கையில் இருந்தபோது நானும் பெயர் படிக்கும் கூட்டங்களை நடத்தியிருக்கிறேன். அது தவறு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

படிவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேலிடத்துக்குப் போகும் படிவம் அந்த நான்கு கட்டங்களோடுதான் போக வேண்டும். அதை மாற்ற உங்கள் தலைமையாசிரியருக்கும் அதிகாரம் இருக்காது. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கும் அறிக்கை பள்ளியினுடையது. அதில் என்ன எழுதுவது என்பதை நீங்களும் அவரும் பேசி முடிவு செய்யலாம். எதிர்ப்பாகப் போய் நிற்காமல், விடைத்தாளை எடுத்துக்கொண்டு போங்கள். 24-ஆம் வினாவைப் பற்றி நீங்கள் இங்கே எழுதியதை அவரிடம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், எந்தத் தலைமையாசிரியரும் மறுக்க மாட்டார்.

முதல் மூன்று இடங்களைப் பற்றி: மாநில அளவில் முதலிடம் பிடித்தவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017-ஆம் ஆண்டுத் தேர்வு முடிவுகளிலிருந்து கைவிட்டுவிட்டது. ஒரு வகுப்பறைக்குள் அதை இன்னமும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நன்றாகப் படித்த பிள்ளையைப் பாராட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குரிய பாராட்டு அவளைச் சேர வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

சாதனைகள் என்ற தலைப்பில், கலைத் திருவிழாவில் வட்டார அளவைத் தாண்டியவர்கள், குடியரசு நாள் விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்றவர்கள், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பொறுப்பேற்று நடத்தியவர்கள் ஆகியோரைச் சேருங்கள். இது வெறும் அலங்காரத்துக்கு அன்று. அகமதிப்பீட்டுக்குரிய 10 மதிப்பெண்ணில் வருகை, பள்ளித் தேர்வுகள், ஒப்படைவு ஆகியவற்றோடு கல்வி இணைச் செயல்பாடுகளுக்கும் இடம் உண்டு. எனவே டிசம்பரிலேயே இவற்றைப் பதிந்து வைப்பது பிப்ரவரியில் அவசரமாகத் தேடுவதைத் தவிர்க்கும். பருவம் முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவியையும் மறந்துவிடாதீர்கள். தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து நாள்தோறும் வரும் பிள்ளைக்கு அது சிறிய செயல் அன்று.

மறுமொழி 4: பொறியியல் மாணவி, மூன்றாம் ஆண்டு

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டின் மூலம் பொறியியல் படிப்பில் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டில் எனக்கு நேர்ந்ததை வைத்து இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, பொறியியல் தரவரிசைக்கான 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. இயற்பியலின் நூறு மதிப்பெண்ணைப் பாதியாக்கித்தான் அந்த 50 வருகிறது. அதாவது செய்முறையும் அகமதிப்பீடும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. செய்முறைப் பதிவேட்டைக் கடைசி வாரத்தில் தோழியிடமிருந்து பார்த்து எழுதியவள் நான். ஆகவே, செய்முறைப் பதிவேடு எத்தனை பேருக்கு முழுமையாக முடிந்திருக்கிறது என்பதையும் பருவ முன்னேற்றமாக எழுதலாம் என்று கருதுகிறேன்.

இரண்டாவது, சான்றிதழ்கள். எங்கள் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் பெற்ற ஒருத்தி, முதல் பட்டதாரிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கையில் இல்லாமல் கலந்தாய்வு விண்ணப்பக் காலம் முழுவதும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்தாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும் உள்ஒதுக்கீட்டுக்குத் தேவை. இடையில் ஓர் ஆண்டு வேறு பள்ளியில் படித்திருந்தால் அது அப்போதுதான் தெரியவருகிறது. மாணவியருக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் புதுமைப்பெண் திட்டத்தையும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் பற்றிப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பெண்ணை மேலே படிக்க வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடப்பது பெரும்பாலும் இந்தத் தை மாதத்தில்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

வினா எழுப்பியவர்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றும் இன்றும் விடுமுறையாக இருந்ததால், வேதியியல் ஆசிரியர் ஐயா சொன்னபடி 41 விடைத்தாள்களையும் பழைய பகுதி, புதிய பகுதி எனப் பிரித்துப் பார்த்தேன். அவர் எச்சரித்த இரண்டாம் வகையில் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் இருவர், நான் முதல் மூன்று இடங்களுக்குள் எழுதி வைத்திருந்தவர்கள். நிலைமின்னியலிலும் மின்னோட்டவியலிலும் அவர்கள் காலாண்டில் பெற்றதில் பாதியைக்கூட இப்போது பெறவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர்களை மேடையில் ஏற்றிப் பாராட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

தேர்ச்சி எண்ணிக்கையை மறைக்கக் கூடாது என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். 29 என்றே எழுதுகிறேன்; அதற்குக் கீழேயே 27 பேர் 9 பேராகக் குறைந்த கணக்கையும் எழுதுகிறேன். தலைமையாசிரியரிடம் நாளை அந்த மாணவனின் இரண்டு விடைத்தாள்களையும் எடுத்துப் போகிறேன்.

விசைத்தறித் தொழிலாளி ஐயா அவர்களுக்கு: உங்கள் மறுமொழியைப் படித்துவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். என் வகுப்பில் மூன்று பேர் அக்டோபர் முதல் தொடர்ந்து திங்கட்கிழமைகளில் வரவில்லை. ஏன் திங்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை. கூட்டம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே அவர்கள் வீடுகளுக்குப் போகிறேன்.

ஒவ்வொரு பெற்றோர் கையிலும் கொடுக்க அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதலில் எழுதியது அந்த மாணவனுக்கு. அதை இங்கே பகிர்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"தங்கள் மகன் இந்தப் பருவத்தில் நான்கு நாட்கள் தவிர எல்லா நாட்களும் பள்ளிக்கு வந்திருக்கிறார். முன்பு எழுதாமல் விட்ட கணக்கு வினாக்களை இப்போது தாமாக எழுதுகிறார். பெருக்கல், வகுத்தலில் புள்ளி வைக்கும் இடத்தில் தவறுகள் நேர்கின்றன; அதற்காகப் புதன், வெள்ளி மாலைகளில் 5.30 மணி வரை பள்ளியில் பயிற்சி அளிக்கிறேன். அந்த இரு நாட்களிலும் அவர் வீடு திரும்பத் தாமதமாகும். மறுநாள் காலையில் அவர் படிப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."